நேத்துச் சொன்னதைச் சொல்லாதே

மெஞ்ஞானபுரத்துக் கோயில் கோபுரம் 192 அடி என்பார்கள். ஜான் தாமஸ் ஐயர் கட்டிய கோயில். 1837-இல் அந்த மணல்காட்டுக்கு வந்து 1870-இல் அங்கேயே அடக்கமான வெள்ளைக்காரர் அவர். எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ‘ஐயர்’தான். எங்கள் ஊர்த் தேரி மேட்டில் ஏறி நின்றால், பனந்தலைகளுக்கு மேலே அந்தக் கோபுரத்தின் நுனி மட்டும் தெரியும். பனை உச்சிக்குப் போனால் கோபுரம் முழுசாகத் தெரியும், கிழக்கே கடலும் தெரியும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஒருநாள் தாத்தாவிடமே கேட்டேன்.

“மரத்துல ஏறுனவனுக்குக் கோபுரம் பாக்க ஏதுல நேரம்? கையப் பாக்கணும், காலப் பாக்கணும், பாளையப் பாக்கணும்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டு மூணு தடவ பாத்திருப்பேன்” என்றும் சேர்த்துக்கொண்டார். பிள்ளைப் பிராயத்திலிருந்து பனையேறியவர் அவர்.

எழுபதுகளின் பிற்பாதி. குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் எங்கள் ஊர். சிவந்த மணல், உடைமரம், பனை. இந்த மூன்றையும் தவிர ஊரில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது கோயில் மணி ஒன்றுதான். தை கடைசியில் பாளை கட்ட ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் தாத்தாவுக்கு ஓய்வு கிடையாது. அவர் பங்குக்கு முப்பத்தாறு மரம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கவேண்டும். அடிமரத்தில் முருக்குத்தடியைச் சாத்தி அதில் மிதித்து ஏறுவார். பிறகு பாதத்தில் தளைநார். இடுப்பில் அரிவாப்பெட்டி. அதற்குள் பாளை அரிவாளும் சுண்ணாம்பும். மார்பில் மரம் உரசி உரசி அங்கே தோல் காய்த்துக் கறுத்திருக்கும். அவர் மடியில் படுத்துத் தூங்கிய எங்கள் எல்லாருக்கும் அந்தச் சொரசொரப்பு தெரியும்.

பனையேற்றில் பெரிய வித்தை ஏறுவதல்ல, சீவுவது. பாளையின் நுனியை மெல்லிசாக, ஒரே இழுப்பில் சீவவேண்டும். கூடச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். குறையச் சீவினால் சுரப்பு அடைபடும். ஒருநாள் சீவாமல் விட்டாலோ பாளை வெம்பிப்போகும், அந்தப் பாளையோடு அந்த வருமானமும் போயிற்று. ஆகவே பனைக்கு நல்லநாள், கெட்டநாள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. ஞாயிறு மட்டும் தாத்தா இன்னும் முந்தி, நிலா வெளிச்சத்திலேயே ஏறப் போவார். முதல் மணிக்குள் இறங்கிக் குளித்து, வெள்ளை வேட்டியோடு கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். “ஆண்டவருக்குத் தெரியும்” என்பாள் ஆச்சி. எது தெரியும் என்று சொல்லமாட்டாள்.

ஆச்சியின் ராஜ்யம் விடிலி. பனையோலையால் வேய்ந்த, குனிந்து நுழையும் சின்னக் குடிசை. நடுவில் அடுப்பு. தாத்தா கலயங்களிலிருந்து இறக்கிக்கொண்டு வரும் பதனியை ஆச்சி சில்லாட்டையில் வடிகட்டிப் பெரிய சட்டியில் ஊற்றுவாள். எரிக்க ஓலையும் மட்டையும் உடைமுள்ளும். பதனி கொதித்து நுரைத்துச் சட்டிக்கு மேலே எழும்பும்போது, நசுக்கிய ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை தூவுவாள். எழும்பிய நுரை அப்படியே தாழும். அந்த இடத்தில் அவள் உதடு அசையும். “தோத்திரம், ராசா.” காது கொடுத்தால்தான் கேட்கும்.

ஸ்தோத்திரத்தை எங்கள் ஊரில் யாரும் முழுசாக உச்சரித்து நான் கேட்டதில்லை, சபை உபதேசியாரைத் தவிர. ஆச்சிக்கு அது தோத்திரம். அடுப்பு முதல் ஊதலில் பற்றினால் தோத்திரம். கிணற்றில் வாளி தளும்பாமல் மேலே வந்தால் தோத்திரம். சுண்ணாம்பு சரியாக இருந்தால், அதாவது ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துப் புளிப்பும் இல்லாமல் காரமும் இல்லாமல் இருந்தால், அதற்கும் ஒன்று. சுண்ணாம்பு சும்மா விஷயமல்ல. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால்தான் அது பதனி. தடவாவிட்டால் பொழுது ஏற ஏறக் கள். 1974-இல் மதுவிலக்கு திரும்பி வந்தபிறகு போலீஸ்காரர்கள் விடிலிக்குள் தலையை நீட்டிக் கலயத்தை மோந்து பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் திரும்பிப் போனதற்கும் ஆச்சி தோத்திரம் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே.

கொதிக்கக் கொதிக்கப் பதனி நிறம் மாறும். முதலில் வெளிறிய மஞ்சள், பிறகு தேன், பிறகு காவி. கூப்பனிப் பதத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு கரண்டி கிடைக்கும், ஓலைத் துண்டில். அதற்கப்புறம் ஆச்சியிடம் யாரும் பேசக்கூடாது. அகப்பையால் துழாவிக்கொண்டே இருப்பாள். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுவாள். கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. உருண்டு நின்றால் அடுத்த நிமிடம் இறக்கவேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் கருகல், முந்தினால் கருப்பட்டி உறையாது. வரிசையாக வைத்த சிரட்டைகளில் அவள் ஊற்றும்போது அவள் கண் சட்டியிலிருந்து சிரட்டைக்கும், சிரட்டையிலிருந்து சட்டிக்கும்தான் போகும். வாசலில் கவர்னரே வந்து நின்றாலும் திரும்பமாட்டாள். தவம் என்றும் தியானம் என்றும் பிற்காலத்தில் நான் வாசித்த எல்லாவற்றுக்கும் என் மனம் கொண்டுவந்து நிறுத்துகிற முகம் அந்தப் புகையில் சிவந்த கண்களோடு இருக்கிற முகம்தான்.

மன்னா கதையை எனக்குப் புரியவைத்ததும் பதனிதான். யாத்திராகமம் பதினாறாம் அதிகாரம். வனாந்தரத்தில் தினம் காலையில் மன்னா விழும், அன்றைக்குத் தேவையானதை அன்றைக்குப் பொறுக்கிக்கொள்ளவேண்டும், மறுநாளைக்கு எடுத்துவைத்தால் புழுத்துப்போகும். ஓய்வுநாளுக்கு மட்டும் முந்தினநாள் இரட்டிப்பாகப் பொறுக்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுப் பள்ளியில் படம் போட்டுச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. நேற்றைய பதனியை யார் குடிப்பார்கள்? ஆச்சியிடம் வந்து சொன்னபோது அவள், “அதான்ல, அவரு கணக்கு அன்னன்னைக்குக் கணக்கு” என்றாள். திண்ணையில் படுத்திருந்த தாத்தா கண்ணைத் திறக்காமல், “அவியளுக்கு ஏழாம் நாள் லீவு உண்டு. எம் பனைக்கு அதுவும் கெடையாது” என்றார்.

இந்த அன்றன்றைக்குக் கணக்கைத்தான் ஆச்சி எங்கள் ராத்திரி ஜெபத்துக்கும் சட்டமாகப் போட்டிருந்தாள்.

பொழுது அடைந்து கோயிலில் மணி அடித்து ஊர் ஜெபம் முடியும். பிறகு வீட்டு ஜெபம். அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து ஓலைப்பாயில் எல்லாரும் உட்காருவோம். கீர்த்தனைப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம். அதிகாரம் வரிசைப்படி வரும். லேவியராகமம் வந்தால் லேவியராகமம்தான். பிறகு முழங்கால். தாத்தாவில் தொடங்கிக் கடைசிப் பிள்ளைவரை ஒவ்வொருவரும் அன்றைக்குக் கிடைத்த ஒன்றுக்குத் தோத்திரம் சொல்லவேண்டும். ஒன்று போதும். ஆனால் அது அன்றைக்கு உள்ளதாக இருக்கவேண்டும். நேற்றுச் சொன்னதைச் சொல்லக்கூடாது. அடுத்தவர் சொன்னதையும் சொல்லக்கூடாது. முக்கியமாக, பொதுவாகச் சொல்லக்கூடாது.

“உண்ண உணவும் உடுக்க உடையும் தந்தீரே...” என்று அக்கா ஒருதடவை ஆரம்பித்தாள்.

“அது உபதேசியார் ஜெபம். நீ சொல்லுட்டி” என்றாள் ஆச்சி.

“...சுகபெலனும்...”

“இன்னைக்கு என்ன கெடச்சுது உனக்கு?”

அக்கா வெகுநேரம் யோசித்தாள். கஞ்சி அடுப்பங்கரையில் காத்திருந்தது. கடைசியில், “சடையப் பின்னும்போது சிக்கே இல்ல” என்றாள். ஆச்சி ஆமென் சொன்னாள். நாங்கள் சிரித்ததற்கு ஆளுக்கொரு குட்டு.

பனைக் காலத்தில் தாத்தாவின் தோத்திரம் எப்போதும் ஒரே வரி. “ஏறுனேன், எறங்குனேன், தோத்திரம்.” தினமும் இதையேதான் சொல்வார். நேற்றுச் சொன்னதைச் சொல்லக்கூடாது என்ற சட்டம் அவருக்கு மட்டும் இல்லையா என்று சித்தி மகன், அவனை நாங்கள் தம்பி என்போம், கேட்டான். “அவரு நேத்து ஏறுனது நேத்து. இன்னைக்கு ஏறுனது வேற” என்று ஆச்சி தீர்ப்புச் சொன்னாள். நியாயமான தீர்ப்புதான் என்று புரிய எனக்குச் சில வருடம் ஆயிற்று.

தம்பிதான் இந்த ஜெபத்தின் ராஜா. அவன் இடதுகைக்காரன். “வாத்தியார் இன்னைக்கு வலது கையிலதான் அடிச்சாவ, எழுதுத கைய விட்டுட்டாவ, தோத்திரம்” என்று ஒருநாள் சொன்னான். சித்திக்குச் சிரிப்பை அடக்க முந்தானை வேண்டியிருந்தது. இன்னொரு நாள், தேரியில் கௌதாரியொன்று குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு போனதைப் பார்த்ததற்குத் தோத்திரம் சொன்னான். ஆச்சி கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். “அது நேத்துப் பாத்தது” என்றாள். உண்மைதான். முந்தினநாள் அவனுக்கு இரண்டு நல்ல விஷயம் கிடைத்திருந்தது. ஒன்றைச் சொல்லிவிட்டு ஒன்றைப் பதுக்கி வைத்திருந்தான். ஆச்சி எப்படிக் கண்டுபிடித்தாள் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து ஆடிக்காற்று. தேரி மணல் எழும்பிப் பாதையெல்லாம் மூடி, கண்ணைத் திறக்கமுடியவில்லை. எந்தக் கௌதாரி குஞ்சைக் கூட்டிக்கொண்டு வெளியே வரும்?

“புழுத்துப்போச்சுல” என்றேன் நான். அவன் கண்ணை மூடிக்கொண்டே என்னைக் கிள்ளினான். பிறகு, “மணலு கண்ணுல விழல, தோத்திரம்” என்று புதிதாக ஒன்றைச் சொல்லித் தப்பித்தான்.

வெளியே இருந்து பார்த்தால் இது விளையாட்டு. ஆனால் இந்த ஒரு ராத்திரி நிமிடத்துக்காகப் பகல் முழுக்க எங்கள் கண் அலைந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடம் போகும் பாதையில் மணலில் ஓடிய பாம்புத் தடம், காலையில் மட்டும் குளிர்ந்திருக்கும் செம்மணல், உடைமரத்தின் பூ உருண்டை, பனம்பழம் விழும் ‘தொப்’, பலப்பம் உடைந்தும் இரண்டு துண்டும் எழுதியது. கிடைத்தால், “இது எனக்கு!” என்று கத்தி உரிமை கொண்டாடவேண்டும். முந்தியவனுக்குத்தான் அது. ஒரு கோலிக்குண்டுக்கு ஒரு தோத்திரம் என்று தம்பி வியாபாரமும் செய்தான். வெறும் நாள் என்று ஒன்று எங்களுக்கு அமைந்ததே இல்லை. அப்படி அமைந்தால் ராத்திரி மாட்டிக்கொள்வோம். பாயின் பின்னல் முழங்காலில் வரிவரியாகப் பதிய, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, காலையிலிருந்து ஒவ்வொரு அடியாக அந்த நாளைத் திரும்ப நடந்துபார்த்த பழக்கம் அது. இன்றைக்கும் எனக்கு அந்த வருடங்களின் சில நாட்கள் மணிக்கணக்காக நினைவில் இருக்கின்றன. போன மாதம் என்ன செய்தேன் என்று கேட்டால் தெரியாது.

பங்குனி உத்திரத்துக்கு அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போகும் வண்டிகள் எங்கள் விடிலியைத் தாண்டித்தான் போகும். குலதெய்வம் தேடி எங்கெங்கிருந்தோ வருகிற குடும்பங்கள். ஆச்சி அன்றைக்குக் காலைப் பதனியைக் காய்ச்சமாட்டாள். பெரிய பானையில் ஊற்றி, மாங்காய் நறுக்கிப் போட்டு, பாதையோரம் வைத்துக்கொண்டு, ஓலைப்பட்டையில் வார்த்துக் கொடுப்பாள். வாங்கிக் குடித்த ஒரு பாட்டையா, முதல் மடக்கைத் தரையில் கொஞ்சம் சிந்தி, “அய்யனே” என்று தேரியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் குடித்தார். ஆச்சி அதைக் கவனித்தாள். அன்று ராத்திரி அவள் தோத்திரம் இதற்குத்தான்: “குடிக்கதுக்கு முன்னால அந்தப் பெரியவரு மேல பாத்தாரு, ராசா.” உபதேசியார் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ஆச்சியிடம் அதையெல்லாம் கேட்கிற தைரியம் அவருக்கு இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்; விடிலிக்கு வந்தால் அவருக்கும் முதல் பட்டை பதனி அவள் கையால்தான்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கதை வேறு. பனை ஓய்ந்துவிடும். கருப்பட்டி உடன்குடி வியாபாரியிடம் போய் அந்தக் காசும் கரைந்திருக்கும். அவித்த பனங்கிழங்குக்கு மார்கழி வரை பொறுக்கவேண்டும். வீட்டில் கம்பங்கஞ்சி, ரேஷன் அரிசி. உலை வைக்கும்போது கைப்பிடி அரிசி எடுத்துக் கோயில் பெட்டியில் போடுவது எங்கள் சபை வீடுகளில் வழக்கம். சமையல்கட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஓலைக்கொட்டான். வாரத்துக்கொரு தடவை கோயில்குட்டியார் வந்து வாங்கிப் போவார். நல்ல நாளில் ஆச்சியின் கைப்பிடி, விரல் இடுக்கெல்லாம் அரிசி வழிய வரும். கார்த்திகை மாதத்தில் அதே கை வேறு மாதிரி வேலை செய்யும். சுளகிலிருந்து அள்ளுவாள். கொட்டானுக்குப் போகும் வழியில் கை கொஞ்சம் கொஞ்சமாக இறுகும், மணி மணியாகச் சுளகிலேயே திரும்ப உதிரும். கொட்டானுக்குப் போய்ச் சேரும்போது அது முழுக் கைப்பிடியுமல்ல, சிட்டிகையுமல்ல. ஆனால் போகாமல் ஒருநாளும் இருந்ததில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பாராததுபோல முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருப்பாள். ஆண்டவரிடம் கணக்குப் பார்க்கக்கூடாது என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆச்சி கணக்குப் பார்த்தாள். இரண்டு பக்கத்துக் கணக்கையும் பார்த்தாள்.

அறுப்பின் பண்டிகைக்கு வட்டியும் முதலுமாகக் கொடுப்பாள். பீடத்துக்கு முன்னால் வாழைத்தார், பூசணி, முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிப் பெட்டி, முட்டை, காலைக் கட்டிய சேவல் எல்லாம் குவிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம். வேதாகமம் வாசித்த அதே தொண்டையில் சபைப் பெரியவர், “ஒருதரம்... ரெண்டுதரம்...” என்று கூவுவார். சந்தையில் காசுக்குக் கிடைக்கும் ஒற்றை எலுமிச்சம்பழம் அங்கே ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார், மறுபடி ஏலம். கொழும்பில் கடை வைத்திருந்தவரும் பம்பாயிலிருந்து லீவில் வந்தவரும் ஒரு பூசணிக்காய்க்காக மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் வீட்டுச் சேவலைத் தாத்தாவே ஏலத்தில் எடுத்தார், ஒரு வருடம். கொடுத்ததை ஏன் திரும்ப வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, “அதுக்குத் தெரியாத வீட்டுல அது மேயாது” என்றார். அன்றைக்கு ராத்திரி தம்பி சேவல் திரும்பி வந்ததற்குத் தோத்திரம் சொன்னான். மறுவாரம் அதைக் குழம்பு வைத்தபோது, சுவையாக இருந்ததற்கும் அவனேதான்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் வடக்குத்தெரு மாமா மரத்திலிருந்து விழுந்தார். பிடித்த மட்டை கழன்றதா, தளைநார் நழுவியதா, யாருக்கும் தெரியவில்லை. சத்தம் கேட்டு ஓடியவர்களில் தாத்தாவும் ஒருவர். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நாலு பேர் மணலில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, அங்கிருந்து ஒரு லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று ராத்திரி செய்தி வந்தது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு உறவுக்கார அத்தை வந்திருந்தாள். ஜெபத்தில் பெயர்பெற்றவள். கன்வென்ஷன் கூட்டங்களில் சாட்சி சொல்லுகிறவள். அவள் முறை வந்தது. “ஆண்டவரே, இன்னைக்கு இந்தக் குடும்பத்துத் தலைவனை ஒரு சேதமும் இல்லாம காத்தீரே, எத்தனையோ பேர் விழுந்தாலும் எங்கள விழாமல் தாங்கினீரே...”

“நிறுத்துட்டி” என்றாள் ஆச்சி.

ஜெபத்துக்கு நடுவில் ஆச்சி கண் திறந்து நான் பார்த்தது அப்போதுதான். கோபத்தில் அவள் குரல் உயராது, இறங்கும்.

“அந்தத் தோத்திரத்தத் திருப்பி வாங்கிக்க. அந்த வீட்டுல அவ இப்ப எதச் சொல்லி முழங்கால் போடுவா? அவ புருசன அவரு தாங்கலியா?”

அத்தைக்குப் பதில் இல்லை. யாருக்கும் இல்லை. விளக்குத் திரி மட்டும் பொசபொசவென்று எரிந்தது. பிறகு ஆச்சி தானாகவே தொடங்கினாள். கட்டிலைத் தூக்கின நாலு பேர் பெயரையும் சொன்னாள். லாரிக்காரன் பெயர் தெரியாது, அதனால் “அந்த லாரிக்கார மகன்” என்றாள். ரோட்டில் அந்நேரத்துக்கு லாரி வந்ததற்கு அல்ல, அவன் நிறுத்தினதற்கு. அவ்வளவுதான். விழுந்ததற்குத் தோத்திரமும் இல்லை, விழாததற்குத் தோத்திரமும் இல்லை. எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லிப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை அத்தை மறுநாள் காலையில் எடுத்துக் காட்டினாள். ஆச்சி கேட்டுக்கொண்டாள், மறுக்கவில்லை. பதனி வடிகட்டிக்கொண்டே, “பவுல் இங்கன இருந்தா அந்த வீட்டுக்குத்தான் முதல்ல போயிருப்பாரு” என்றாள். அத்தை மத்தியானப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மாமாவின் மரங்கள் பாளை விட்டு நின்றன. மறுநாள் சீவாவிட்டால் அத்தனையும் போயிற்று. அன்று விடியுமுன்பே, பனையேறிகள் யாரும் யாரையும் கூட்டிப் பேசாமல், ஆளுக்கு நாலைந்து மரமாகப் பிரித்துக்கொண்டார்கள். தாத்தா முப்பத்தாறோடு இன்னும் ஐந்து ஏறினார், ஆடி முடியும்வரை. அந்தப் பதனி நேராக மாமா வீட்டு விடிலிக்குப் போயிற்று. ராத்திரிகளில் தாத்தா, “ஏறுனேன், எறங்குனேன்” என்று சொல்லும்போது அதற்கப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

இப்போது என் கைபேசியில் காலையில் வந்து விழும் சாட்சிச் செய்திகளைப் படிக்கிறேன். தவறவிட்ட பஸ் கவிழ்ந்ததாம், ஆகவே ஆண்டவருக்கு மகிமை. அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் யாருடைய பிள்ளைகள் என்று கேட்கத் தோன்றுகிறது. ‘நிறுத்துட்டி’ என்று சொல்ல ஆச்சி இல்லை. நான் சொன்னால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஒருதடவை நீக்கியும் விட்டார்கள். அன்றைக்கு ராத்திரிச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்று கிடைத்தது.

தாத்தாவுக்கு முட்டுவலி வந்து, பாளை அரிவாள் இறவாணத்தில் ஏறியது நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம். அவருக்குப் பின்னால் ஏற வீட்டில் ஆள் இல்லை. அப்பாவுக்கு வாத்தியார் வேலை, சித்தப்பாவுக்குத் திருநெல்வேலியில் ஜவுளிக்கடையில் வேலை. ஆடிக் கடைசியில் கடைசிக் கலயத்தையும் இறக்கிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்தார். ராத்திரி ஜெபத்தில் அவர் முறை வந்தபோது, வழக்கமான ஒற்றை வரிக்காக நாங்கள் ஆமெனைத் தயாராக வைத்திருந்தோம்.

“கெணத்தடிப் பனைக்குத் தோத்திரம்” என்றார்.

கொஞ்சம் நிறுத்தி, “கூனப் பனைக்குத் தோத்திரம். வளைஞ்சு நின்னதால ஏற லேசா இருந்துது.” பிறகு ரெட்டைப் பனைகள், இரண்டையும் தனித்தனியாக. எல்லைப் பனை. ஆச்சியின் சீதனமாக வந்த பனை. அதைச் சொல்லும்போது ஆச்சி தொண்டையைச் செருமினாள். தூக்கணாங்குருவி கூடு கட்டின பனை. பருந்துப் பனை. அப்பா பிறந்த அன்றைக்கு ஏறி, பாதியில் செய்தி கேட்டு இறங்கின பனை. சாயங்கால வெயில் முதுகில் படாத பனை. ஒவ்வொன்றாக, தோப்பில் அவர் நடக்கும் அதே வரிசையில். அலகுப்பனை எது, பருவப்பனை எது, எது எந்த மாதம் முந்திச் சுரக்கும், எல்லாவற்றையும் ஆண்டவருக்குத் தெரியாததுபோலச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்று போதும் என்ற சட்டத்தை ஆச்சி எடுத்துச் சொல்லவில்லை. சின்னவள் பாயிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். கஞ்சி ஆறியது. அடுப்பங்கரையில் பூனை எதையோ உருட்டியது, யாரும் எழுந்து போகவில்லை.

தாத்தா முடித்ததும் தம்பி ஆமென் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

“தாத்தா, முப்பத்தஞ்சுதான் ஆச்சு.”

“எல்லாம் சொல்லிட்டேன்ல.”

“குளவிப் பனைய விட்டுட்டிய.”

தாத்தாவுக்கு முகம் சுருங்கியது. அந்த மரத்துக் குளவிகள் அவரை எத்தனையோ தடவை கொட்டியிருக்கின்றன. ஒருதடவை கண் வீங்கி இரண்டுநாள் ஒற்றைக் கண்ணோடு ஏறினார். சுரப்பும் சொல்லிக்கொள்ளும்படி கிடையாது.

“அந்தச் சவத்துக்கு எதுக்குல தோத்திரம்?”

“அதுலயும் பதனி எறக்கியிருக்கியளா, இல்லியா?” என்று இருட்டிலிருந்து ஆச்சியின் குரல்.

தாத்தா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கையைக் கூப்பிக்கொண்டு, “சரி, ஆண்டவரே, குளவிப் பனைக்கும் தோத்திரம். கொட்டுனதுக்கு இல்ல” என்றார்.

வேறு யாருக்கும் இன்னொரு மரம் ஞாபகம் வருவதற்குள் தம்பி, தெருவுக்கே கேட்கும்படி ஆமென் சொல்லிவிட்டுக் கஞ்சிச் சட்டிக்கு ஓடினான்.